லீமோபுளோயிடே

லீமோபுளோயிடே அல்லது வரித்தட்டை வண்டுகள் என்பது கோலியாப்டெரா வரிசையைச் சேர்ந்த மிகச் சிறிய வண்டுகளின் குடும்பம் ஆகும். இதில் ஏறத்தாழ 40 பேரினங்களும் 400-க்கும் மேற்பட்ட இனங்களும் அறியப்பட்டுள்ளன. அண்டார்க்டிக்கா தவிர எல்லாக் கண்டங்களிலும் இவை காணப்படுகின்றன. பெரும்பாலானவை பட்டுப்போன மரங்களின் பட்டைக்கு அடியில் வாழ்கின்றன. சில இனங்கள் மட்டும் தானியக் கிடங்குகளில் கேடு விளைவிக்கின்றன. முன்னர் குக்குஜிடே குடும்பத்தின் துணைக்குடும்பமாகக் கருதப்பட்ட இவை, 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தனிக் குடும்பமாகப் பரவலாக ஏற்கப்பட்டன.

உடலமைப்பு

இவற்றின் நீளம் பொதுவாக 1 முதல் 5 மில்லிமீட்டர் வரை இருக்கும். உடல் தட்டையானது, நிறம் பெரும்பாலும் பழுப்பு. இக்குடும்பத்தின் முதன்மை அடையாளம் முன்மார்பின் மேற்பரப்பில் உள்ள கோடுகள் ஆகும். பக்க விளிம்புக்குச் சற்று உள்ளே, இருபுறமும் விளிம்பை ஒட்டி ஒரு கோடு செல்லும். இது பள்ளமாகவோ மெல்லிய மேடாகவோ அமையலாம். தலையிலும் கண்களுக்கு உட்புறமாக இத்தகைய கோடுகள் காணப்படும். உணர்கொம்பில் 11 கணுக்கள் உண்டு. பெண் வண்டின் எல்லாக் கால்களிலும் பாதக் கணுக்கள் ஐந்து. பல இனங்களில் ஆண் வண்டின் பின்கால்களில் மட்டும் நான்கு.

தட்டை உடலை மட்டும் கொண்டு இக்குடும்பத்தை முடிவு செய்ய இயலாது. பிற வண்டுகள் குடைந்த சுரங்கங்களில் வாழும் நார்த்தீசியஸ் போன்ற பேரினங்களின் உடல் குறுகி, உருளை வடிவில் அமைந்துள்ளது.

ஒத்த வண்டுகளிலிருந்து வேறுபாடு

* சில்வானிடே: முன்மார்பில் மேற்கண்ட கோடுகள் இரா. இக்குடும்பத்தைச் சேர்ந்த இரம்பப்பல் வண்டின் முன்மார்பில் பக்கத்திற்கு ஆறு பற்கள் உண்டு.
* குக்குஜிடே: இவையும் தட்டையானவை, ஆயின் அளவில் பெரியவை. பல இனங்கள் 10 மில்லிமீட்டருக்கும் மேல் வளர்கின்றன.
* பட்டை துளைக்கும் வண்டுகள்: இவை கூன்வண்டுக் குடும்பத்தின் ஒரு பிரிவு. உருளை வடிவ உடலும், முழங்கை போல் மடங்கிக் குமிழில் முடியும் உணர்கொம்பும் கொண்டவை.

கடைசி வேறுபாடு காடு வளர்ப்போருக்கு முக்கியமானது. துளைக்கும் வண்டுகள் மரங்களைக் கொல்லக்கூடியவை. லீமோபுளோயிடே வண்டுகளில் பலவும் பூஞ்சைகளையே உண்கின்றன. சில, துளைக்கும் வண்டுகளின் சுரங்கங்களில் அவற்றையே இரையாக்குகின்றன. ஆகவே பட்டைக்கு அடியில் இவை இருப்பதைக் கொண்டு, மரம் இவற்றால்தான் பட்டது எனக் கொள்ளலாகாது.

தானியங்களில்

கிரிப்டோலெஸ்டஸ் பேரினத்தைச் சேர்ந்த தட்டைத் தானிய வண்டு, துருநிறத் தானிய வண்டு ஆகியவை நெல், கோதுமை, மாவு முதலியவற்றைத் தாக்குகின்றன. இவற்றின் நீளம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். உடைந்த அல்லது கீறல் விழுந்த மணிகளுள் புழு நுழைந்து முளைக்கருவை உண்ணும். இதனால் விதையின் முளைப்புத்திறன் குறைகிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த சூழலில், முட்டை ஏறத்தாழ மூன்று வாரங்களில் முதிர்ந்த வண்டாகிவிடும்.

கிடங்குப் பூச்சிகளை அழிக்க இந்தியா உட்படப் பல நாடுகளில் பாஸ்பீன் வளிமம் பயன்படுகிறது. இதற்கு மிகுந்த எதிர்ப்புத்திறன் பெற்ற துருநிறத் தானிய வண்டுகள் 2007-இல் ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்டன. பிற பூச்சிகளை அழிக்கும் அளவு இவற்றுக்குப் போதாமல் போகலாம். எனவே மருந்தின் அளவையும் காலத்தையும் முடிவு செய்யுமுன் பூச்சி எது எனத் தெரிந்திருக்க வேண்டும்.

இனங்காணும் முறை

முதலில் கைவில்லையால் உடல் வடிவத்தையும் உணர்கொம்பையும் காண வேண்டும். முன்மார்புக் கோடுகளையும் பாதக் கணுக்களையும் தெளிவாகக் காண நுண்ணோக்கி தேவைப்படும். பக்கவாட்டில் சாய்ந்து விழும் ஒளியில் கோடுகள் எளிதில் புலப்படும். குடும்பத்தை அறிய இவை போதுமானவை. கிரிப்டோலெஸ்டஸ் இனங்கள் ஒன்றையொன்று மிகவும் ஒத்திருப்பதால், இனத்தை உறுதி செய்ய இனப்பெருக்க உறுப்புகளைப் பிரித்து ஆராய்வது வழக்கம்.