செத்துப்போன கண்ணாடிக் குழாயும் நம்ம மானிட்டரும்

படம் புடிக்கிற மக்கள் ரெண்டு பேர் சேர்ந்தா, கேமரா பஞ்சாயத்து, லென்ஸ் பஞ்சாயத்து எல்லாம் முடிஞ்சப்புறம் கட்டாயம் ஒரு கேள்வி வரும். "பிற்தயாரிப்புக்கு எந்த மானிட்டர் வாங்கலாம்?" கடைக்காரரைக் கேட்டா இருக்குறதுலயே பளிச்சுன்னு தெரியுறதைக் காட்டுவார். விளம்பரத்தைப் பாத்தா நூறு கோடி நிறம்னு போட்டிருக்கும். ரெண்டுமே நம்ம கேள்விக்குப் பதில் இல்ல. பதில் வேணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும். கொசுவத்தியைச் சுத்த விடுறேன், பொறுமையாப் படிங்க மக்களே.

எந்தச் சிவப்பு?

பொட்டி தட்டுற நமக்கு 255, 0, 0 அப்படின்னா சிவப்பு. ஆனா எந்தச் சிவப்பு? மிளகாய்ப் பழமா, குங்குமமா, செங்கல்லா? அது அந்த எண்ணுல கிடையாது. "உன்கிட்ட இருக்குற சிவப்பை முழுசா எரிய விடு"ன்னு மட்டும்தான் அது மானிட்டருக்குச் சொல்லுது. பழைய திஸ்கி கோப்பை யூனிகோடுன்னு நினைச்சுத் திறந்தா ஜிலேபி ஜிலேபியா வருமே, கிட்டத்தட்ட அதே சிக்கல்தான். எண் இருந்தா மட்டும் போதாது. அது எந்த அட்டவணைப்படி எழுதின எண்ணுன்னு தெரியணும்.

நிறத்துக்கான தாய் அட்டவணை 1931ல வந்தது. 1920கள்ல இங்கிலாந்துல டேவிட் ரைட், ஜான் கில்ட்னு ரெண்டு பேர் தனித்தனியா ஒரே மாதிரிச் சோதனை பண்ணினாங்க. ஒரு பக்கம் ஏதோ ஒரு நிற ஒளி. இன்னொரு பக்கம் சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கலந்து அதே நிறத்தைக் கொண்டுவரணும். ரெண்டு சோதனையிலயும் சேர்த்துக் கண்ணைக் கொடுத்தவங்க மொத்தமே 17 பேர். அந்த அளவுகளை வெச்சுத்தான் சிஐஇ என்ற சர்வதேச ஆணையம் மனுசக் கண் பாக்குற நிறங்களுக்கு ஒரு வரைபடம் போட்டது. மானிட்டர் விமர்சனங்கள்ல குதிரை லாடம் மாதிரி ஒரு படம் வருதே, அது இதுதான்.

குழாய் காலம்

1897ல ஃபெர்டினாண்ட் பிரவுன் என்ற ஜெர்மானியர் எதிர்மின் கதிர்க் குழாயை உருவாக்கினார். நம்ம வீட்டு மூலையில குண்டா உக்காந்திருந்த பழைய டிவிக்கும் மானிட்டருக்கும் அதுதான் பாட்டன். குழாயின் முன்பக்கக் கண்ணாடிக்கு உள்ளே பாஸ்பர் பூசியிருப்பாங்க. எலக்ட்ரான் பட்டா அது ஒளிரும். எந்த பாஸ்பரோ, அந்த நிறம்.

1953ல அமெரிக்கா வண்ணத் தொலைக்காட்சிக்கு ஒரு தரம் வகுத்தப்போ, பச்சைக்கு ரொம்ப ஆழமான ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்தாங்க. அழகுதான், ஆனா அந்த பாஸ்பர் மங்கலா எரிஞ்சது. மங்கலான டிவியை யாரு வாங்குவா? தயாரிப்பாளர்கள் சத்தமில்லாம வேற பாஸ்பருக்கு மாறிட்டாங்க. வெளிச்சம் கூடிச்சு, நிறங்களோட எல்லை சுருங்கிச்சு. கடையில பளிச்சுன்னு இருக்குறதுதான் விக்கும்ங்கிற விதி அன்னிக்கே இருந்திருக்கு பாருங்க.

குழாய்க்கு இன்னொரு குணமும் உண்டு. பாதி மின்னழுத்தம் கொடுத்தா பாதி வெளிச்சம் வராது. ஐந்துல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலதான் வரும். இந்த வளைவுக்குப் பேர்தான் காமா. விண்டோஸ் உலகம் 2.2 காமாவுல ஓடிச்சு. ஆப்பிள் தன் அச்சு இயந்திரத்தோட ஒத்துப்போகணும்னு 1.8 வெச்சுக்கிச்சு. அதனால மேக்குல திருத்தின படம் விண்டோஸ்ல இருட்டாத் தெரியும். 2009ல வந்த ஸ்னோ லெப்பர்டுலதான் ஆப்பிளும் 2.2க்கு இறங்கி வந்தது.

இதுல ஒரு வேடிக்கை. 1987ல தாமஸ் நோல் எழுத ஆரம்பிச்ச நிரல்தான் பின்னாடி போட்டோஷாப்பா 1990ல வெளிவந்தது. அவர் அதை எழுதினது மேக்கின்டாஷ் பிளஸ்ல. அந்தப் பொட்டியோட திரையில கறுப்பு, வெள்ளை தவிர வேற எதுவும் கிடையாது. சாம்பல் நிறத்தை அதுல எப்படியாவது காட்டணும்னுதான் வேலையே ஆரம்பிச்சது!

சராசரியே சட்டம்

இணையம் பரவினதும் பஞ்சாயத்து பெருசாச்சு. ஒரே படம், ஒவ்வொரு பொட்டியிலயும் ஒவ்வொரு நிறம். 1996ல எச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து எஸ்ஆர்ஜிபி என்ற ஏற்பாட்டை முன்வெச்சாங்க. 1999ல அது சர்வதேசத் தரமாவும் ஆச்சு. இவங்க உலகத்துலயே சிறந்த திரையைத் தேடலை. எல்லார் மேசையிலயும் இருக்குற சாதாரணக் குழாய் மானிட்டர் எப்படி இருக்கோ, அதையே எழுதி வெச்சாங்க. மூணு அடிப்படை நிறங்களை 1990ல வந்த எச்டி தொலைக்காட்சித் தரத்துலேருந்து எடுத்தாங்க. வெளிச்சம் 80 நிட், அறை மங்கலா இருக்கணும், காமா ஏறக்குறைய 2.2. அவ்வளவுதான். "ஒண்ணும் சொல்லலைன்னா எஸ்ஆர்ஜிபின்னு வெச்சுக்கோ"ன்னு உலகமே ஒத்துக்கிச்சு.

அச்சுக்காரங்களுக்கு இது பத்தலை. அச்சு மையில வர்ற சில பச்சையும் பச்சை கலந்த நீலமும் எஸ்ஆர்ஜிபிக்குள்ள அடங்காது. 1998ல போட்டோஷாப் 5க்காக அடோபி ஒரு தொலைக்காட்சித் தர ஆவணத்துலேருந்து எண்களை எடுத்துப் போட்டது. அப்புறம்தான் தெரிஞ்சது, அது அந்தத் தரத்தோட உண்மையான எண்களே இல்ல, பின்னிணைப்புல இருந்த இலட்சிய எண்கள். போதாக்குறைக்கு சிவப்பைப் பிரதி எடுக்குறப்போ ஒரு பிழை வேற. திருத்தலாம்னு பாத்தா பயனர்கள் விடலை. அவங்களுக்கு அந்த அகலமான நிறவெளி ரொம்பப் பிடிச்சுப்போச்சு. பேரை மட்டும் மாத்தி "அடோபி ஆர்ஜிபி 1998"னு வெச்சுட்டாங்க. அதுல இருக்குற பச்சை எது தெரியுமா? 1953ல மங்கல்னு தூக்கிப் போட்ட அதே பச்சை!

குழாய் செத்துச்சு, சட்டம் சாகலை

2008 வாக்குல சோனி தன்னோட டிரினிட்ரான் குழாய்களுக்கே பெரும்பாலான சந்தைகள்ல மங்களம் பாடிடுச்சு. எல்சிடி வந்தாச்சு. அதுக்கு குழாயோட வளைவும் கிடையாது, பாஸ்பரும் கிடையாது. உள்ளே ஒரு அட்டவணையை வெச்சுக்கிட்டு செத்துப்போன குழாய் மாதிரி நடிக்குது. எவ்வளவு நல்லா நடிக்குதோ அவ்வளவு நல்ல மானிட்டர்.

மலிவான டிஎன் வகைத் திரைகள் மோசமான நடிகர்கள். பெரும்பாலானதுல நிறத்துக்கு 64 படிதான் உண்மை, மிச்சம் கண்கட்டு வித்தை. தலையைக் கொஞ்சம் மேல கீழ அசைச்சா நிழல் பகுதி மாறும். இதுல முதல்ல அடிபடுறது நம்ம ஊர் முகங்கள்தான். மாநிறத்துலயும் கறுப்புலயும் கன்னத்து நிழல், நெத்தி மினுக்கம் எல்லாமே அடர்நிறத்துக்குள்ளதான் இருக்கு. திரை அதைச் சரியாக் காட்டலைன்னா, "இருட்டா இருக்கே"ன்னு நாம ஏத்திக்கிட்டே போவோம். அச்சுல வர்றது வேற யாரோட முகமாவோ இருக்கும். 1996ல ஹிட்டாச்சி சந்தைக்குக் கொண்டுவந்த ஐபிஎஸ் வகை, பாக்குற கோணம் மாறினாலும் நிறத்தை ஓரளவு அப்படியே வெச்சிருக்கும். பிற்தயாரிப்புக்கு அதைச் சொல்றது இதனாலதான்.

அப்புறம் அகல நிறத் திரைகள் வந்துச்சு. நிறவிவரம் படிக்கத் தெரியாத மென்பொருள்ல அதே 255 எண், அகலத் திரையோட ஆழமான பச்சையில போய் விழும். வாழை இலை பிளாஸ்டிக் இலை ஆயிடும். ஃபயர்பாக்ஸ் கூட 2009ல 3.5 பதிப்புலதான் படத்துல இருக்குற நிறவிவரத்தை இயல்பாவே மதிக்க ஆரம்பிச்சது. 2015ல ஆப்பிள் ஐமேக்குல கொண்டுவந்த பி3 நிறவெளி சினிமா அரங்குலேருந்து வந்தது. இன்னிக்கு நிறைய கைப்பேசியிலயும் இருக்கு.

சரி, எதை வாங்க?

1. ஐபிஎஸ் திரை, எஸ்ஆர்ஜிபி முழுசா. படம் இணையத்துக்கும் சாதாரண லேபுக்கும்தான் போகுதுன்னா இதுவே தாராளம்.

2. அகல நிறத் திரை வாங்கினா எஸ்ஆர்ஜிபி நிலை இருக்கான்னு பாருங்க. அந்த நிலையில வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியணும். பல மானிட்டர்ல பூட்டி வெச்சிருப்பாங்க. அடோபி ஆர்ஜிபி கோப்பு வாங்குற அச்சகம் கைவசம் இருந்தாத்தான் அந்தச் செலவுக்கு அர்த்தம்.

3. பெட்டியிலேருந்து எடுத்ததும் திரை 250 நிட்டுக்கு மேல எரியும். 80 முதல் 120க்குள்ள இறக்குங்க. "பிரிண்ட் இருட்டா வருது"ங்கிற புலம்பல்ல பாதி இங்கேயே தீரும்.

4. மிச்சக் காசுல நிறம் அளக்குற கருவி வாங்குங்க. நாலு பேர் சேர்ந்து ஒண்ணு வாங்கினாலும் போதும். திரைக்கு வயசாகும், நிறம் நகரும். தொழிற்சாலைச் சான்றிதழ் அன்னிக்கு எடுத்த அளவு மட்டும்தான்.

சாதாரண ஐபிஎஸ் திரையை ஒழுங்கா அளந்து வெச்சா, அளக்காத விலை உசந்த திரையை விட அது நம்பகமானது. அப்படியும் காசு மிஞ்சினா லென்ஸ் வாங்கிக்கலாம். அந்தப் பஞ்சாயத்தை இன்னொரு நாள் வெச்சுக்குவோம் :-)