கண் அறுவையும் உருப்பெருக்குக் கண்ணாடியும்

நான் சிறுவனாயிருந்த 1970-களின் இறுதியில், கிள்ளானை அடுத்த எங்கள் தோட்டத்தில் கண்புரை அறுத்துக்கொண்ட பாட்டிமார் தடித்த கண்ணாடி அணிந்திருந்தனர். சோடாப்புட்டிக் கண்ணாடி என்று நாங்கள் கேலி செய்ததுண்டு. படியிறங்கும்போது அவர்கள் தடுமாறுவர். எதிரிலுள்ள பொருள் ஏறக்குறையக் கால் பங்கு பெரிதாய்த் தெரிந்ததே அதற்குக் காரணம். அக்கண்ணாடி ஏன் வந்தது, ஏன் மறைந்தது என்று ஆராயப் புகுந்தால், நோயாளியின் கண்ணாடியை விட்டு வைத்தியரின் கண்ணாடிக்குச் செல்ல வேண்டியிருக்கிறது.

கண்ணிலுள்ள வில்லை மெல்லிய உறை ஒன்றுக்குள் அடங்கியது. பழைய முறையில் உறையோடு வில்லையை முழுதாக எடுத்துவிடுவர். இதற்கு வெறுங்கண்ணோ, தலையில் மாட்டிய இரண்டு மடங்குப் பூதக்கண்ணாடியோ போதும். அதனை ‘லூப்’ என்பர் வைத்தியர். 1876-ல் ஜெர்மானியக் கண் வைத்தியர் சேமிஷ் அறுவையில் லூப்பைப் புகுத்தினார் என்பர். 1912-ல் செய்ஸ் நிறுவனம் தொலைநோக்கி அமைப்புடைய லூப்பைச் செய்தது.

லூப்பைத் தேர்ந்தெடுப்பது எளிதன்று. கலிலியோவின் முறையில் அமைந்தது குவிவில்லை ஒன்றும் குழிவில்லை ஒன்றும் கொண்டது. எடை குறைவு, இரண்டரை மடங்கு பெருக்கிக் காட்டும். கெப்ளர் முறையில் இரண்டும் குவிவில்லைகள். உருவம் தலைகீழாய் விழுவதால் அதை நிமிர்த்தப் பட்டகம் வேண்டும். ஆகவே கனமும் நீளமும் மிகுதி. ஆனால் நான்கு, ஐந்து மடங்கு பெருக்கவல்லது. (பள்ளி அறிவியல் அலமாரியிலுள்ள வில்லைகளைக் கொண்டே இவ்வேறுபாட்டை மாணவர்க்குக் காட்டலாம்.) பெருக்கம் ஏற ஏறப் பார்வைப் பரப்பு சுருங்கும், வெளிச்சம் குறையும், தலை சற்று அசைந்தாலும் காட்சி மங்கும், கைநடுக்கமும் பெரிதாய்த் தெரியும். வில்லை கீழ்நோக்கிப் போதிய சாய்வுடன் பொருத்தப்படாவிடில், வைத்தியர் நாள்முழுதும் கழுத்தை மடித்தே நிற்க நேரும். பல ஆண்டுகட்குப்பின் கழுத்துவலியே மிஞ்சும். பெருக்கம் ஒன்றையே பார்த்து வாங்குவது பேதைமை.

எளிய லூப்புக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. கைப்பெட்டியில் அடங்கும், கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நடக்கும் கண் முகாமுக்கும் எடுத்துச் செல்லலாம். இந்தியாவில் அத்தகைய முகாம்களைப் பரப்பியவருள் முதன்மையானவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. 1918-ல் வடமலாபுரத்தில் பிறந்த அவரைக் கடும் மூட்டுவாதம் இளமையிலேயே படுக்கையில் தள்ளியது, விரல்கள் கோணின. ஆயினும் அவ்விரல்களுக்கேற்ற கருவிகள் செய்வித்து, கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். அரசுப் பணி ஓய்வுக்குப்பின் 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

எனினும் பழைய முறையின் குறை நீங்கவில்லை. வில்லை போன கண்ணுக்குச் சோடாப்புட்டியே கதி. லண்டனில் 1949-ல் ஹரால்டு ரிட்லி கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லையைப் பொருத்தினார். அது நிலைத்து நிற்பதற்கு, உறையின் பின்சுவரைக் கிழியாமல் விட்டுவைப்பதே சிறந்த வழி என்று பின்னர்த் தெளிந்தது. அச்சுவரின் தடிப்போ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு! தலையில் மாட்டும் லூப் இங்கே தோற்றது. 1953-ல் செய்ஸ் வெளியிட்ட அறுவை நுண்ணோக்கி போன்ற கருவிகள் அவ்விடத்தைப் பிடித்தன. அது தாங்கியில் நிற்பது. வைத்தியர் தலையை அழுத்தாது. பெருக்கத்தை வேண்டியவாறு மாற்றலாம். ஆனால் விலை மிகுதி. முகாமுக்குச் சுமந்து செல்வதும் எளிதன்று. எனவே முகாமில் கண்ணைச் சோதித்து, நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துவரும் முறை வலுப்பெற்றது. செயற்கை வில்லையின் விலையைக் குறைக்க மதுரையில் 1992-ல் ஆரோலேப் எழுந்தது.

நம் நாட்டிலும் அம்மாற்றமே நிகழ்ந்தது. பிரிக்பீல்ட்சில் இயங்கும் மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் முயற்சியால் 1986-ல் பெட்டாலிங் ஜெயாவில் துன் உசேன் ஓன் கண் மருத்துவமனை தோன்றியது. சோடாப்புட்டி அணிந்தாரை இன்று காண்பது அரிது.

லூப் மறைந்துவிட்டதென எண்ணற்க. பல் வைத்தியர் அணிகின்றனர். நீரிழிவால் சிறுநீரகம் கெட்டவர்க்கு இரத்தச் சுத்திகரிப்புத் தொடங்குமுன், மணிக்கட்டில் சுமார் இரண்டு மில்லிமீட்டர் தமனியைச் சிரையோடு இணைத்துத் தைப்பவரும் பெரும்பாலும் இரண்டரை மடங்கு லூப்பையே மாட்டிக்கொள்கின்றனர்.