அன்பு அமைச்சகம்

ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984' நாவலை நம்மில் சிலர் படித்திருப்போம். படிக்காதவர்களும் 'பிக் பிரதர்' என்ற பெயரையாவது கேட்டிருப்பார்கள். அதில் ஓசியானியா என்றொரு கற்பனை நாடு வருகிறது. அந்த நாட்டில் நீதித்துறை எப்படி அமைந்திருக்கிறது என்பது பற்றித்தான் இந்தக் கட்டுரை. முப்பது வருடம் கோர்ட் ஆபீஸில் குப்பை கொட்டியவன் என்பதால் எனக்கு அதில் தனி அக்கறை.

ஓசியானியாவில் மொத்தமே நான்கு அமைச்சகங்கள். செய்தி, கல்வி, கேளிக்கைகளைப் பார்ப்பது உண்மை அமைச்சகம். போரை நடத்துவது அமைதி அமைச்சகம். ரேஷனைக் குறைப்பது வள அமைச்சகம். சட்டம் ஒழுங்குக்குப் பொறுப்பு அன்பு அமைச்சகம். பெயர் ஒன்று, வேலை நேர் எதிர். அன்பு அமைச்சகக் கட்டடத்துக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. சுற்றிலும் முள்வேலி, இரும்புக் கதவுகள், மறைந்திருக்கும் இயந்திரத் துப்பாக்கிகள்.

என்னை உறுத்தியது கட்டடம் அல்ல. அந்த நாட்டில் எழுதப்பட்ட சட்டமே இல்லை. ஆகவே எதுவும் குற்றமில்லை. ஆனால் எதற்காகவும் பிடித்துக்கொண்டு போகலாம். கைது எப்போதும் இரவில்தான். பெரும்பாலும் விசாரணை இல்லை. ஆளைக் கொண்டுபோன பிறகு எல்லாப் பதிவேடுகளிலிருந்தும் அவர் பெயரை நீக்கிவிடுவார்கள். பழைய செய்தித்தாளில் அவர் பெயர் இருந்தால் அதையும் திருத்தி அச்சிடுவது உண்மை அமைச்சகத்தின் வேலை. கதாநாயகன் வின்ஸ்டன் ஸ்மித் அங்கே குமாஸ்தா. அதாவது, என்னைப் போன்ற ஒருவர்!

இதையெல்லாம் ஆர்வெல் வெறும் கற்பனையில் எழுதவில்லை. 1903இல் பீகாரின் மோதிஹாரியில் பிறந்தவர் அவர். அப்பாவுக்கு அபின் இலாகாவில் உத்தியோகம். 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்தார். 1931இல் அவர் எழுதிய 'ஒரு தூக்குத் தண்டனை' என்ற சிறு கட்டுரையில் பர்மா சிறையொன்றில் ஓர் இந்துக் கைதியைத் தூக்கிலிடுகிறார்கள். தலைமை ஜெயிலரைத் திராவிடர் என்றே குறிப்பிடுகிறார். பர்மாவுக்குப் பிழைக்கப் போன நம்மவர்களை நினைத்துக்கொண்டேன். தூக்குமேடைக்கு நடக்கும் அந்தக் கைதி, வழியில் கிடந்த சேற்றுக் குட்டையை மிதிக்காமல் சற்று விலகி நடக்கிறான். சூப்பரின்டெண்டெண்டுக்கோ எட்டு மணிக்குள் வேலை முடிய வேண்டும். அது முடிந்தால்தான் மற்றக் கைதிகளுக்குக் காலை உணவு.

அங்கே எல்லாம் விதிப்படி நடந்தது. காகிதம் சரியாக இருந்தால் மட்டும் நீதி வந்துவிடாது என்பதை அவர் அன்றே பார்த்துவிட்டார். காகிதமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் பதினெட்டு வருடம் கழித்து '1984'இல் எழுதினார்.

அந்த நாவல் வெளிவந்தது 1949 ஜூன் மாதம். அதே ஆண்டு நவம்பர் 26இல் நமது அரசியல் சாசனம் ஏற்கப்பட்டது. கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அதன் 22ஆவது பிரிவு. தடுப்புக் காவலுக்கு வழிவிடுவதும் அதே பிரிவுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'மிசா' காலத்தைப் பார்த்த நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் அந்த 24 மணி நேரக் கணக்கின் அருமை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் மாஜிஸ்திரேட் வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் வந்து நிற்கும். அவர் ரிமாண்ட் ரிப்போர்ட்டைப் படித்து, எதிரே நிற்பவரிடம், "போலீஸ் அடித்தார்களா?" என்று கேட்பார். பதிலை எழுதிக் கையெழுத்துப் போடுவார். மறுநாள் அது எங்கள் பதிவேட்டில் ஏறும். அந்த மனிதர் குற்றவாளியோ நிரபராதியோ, இன்ன தேதியில் இன்ன இடத்தில் உயிரோடு நின்றார் என்பதற்கு அந்த ஒரு வரி சாட்சி. ஓசியானியாவின் அன்பு அமைச்சகத்தில் இல்லாமல் போனது அந்த வரிதான்.