மடக்குக் கத்தியில் இருக்கும் புள்ளிக்கு இவ்வளவு அர்த்தமா? முத்திரையும் எண்ணும் சொல்வது என்ன?

"அமெரிக்கக் கத்தி சார், 1950-ல செஞ்சது. இப்போ கிடைக்கவே கிடைக்காது" என்று சொல்லி ஒருவர் பழைய மடக்குக் கத்திக்குப் பெரிய விலை கேட்கிறார். நம்பி வாங்கலாமா? அவரிடம் கேட்பதைவிட கத்தியிடமே கேட்டுவிடலாம். பிளேடை முழுசாகத் திறந்து, அது கைப்பிடியோடு சேரும் அடிப்பகுதியைப் பாருங்கள். கூர்மை இல்லாத அந்தச் சின்ன இடத்தில்தான் கம்பெனியின் பெயர், சில எழுத்துகள், எண், புள்ளிகள் எல்லாம் பொறிக்கப்பட்டிருக்கும்.

இதைப் படிக்கக் கற்றுக்கொள்ள நல்ல உதாரணம் 'கேஸ்' கத்தி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிராட்ஃபோர்டு என்ற ஊரில் தயாராகும் இந்தக் கத்திகளைச் சேகரிப்பவர்கள் ஏராளம்.

முத்திரையை வைத்து வயதைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேஸ் கம்பெனி தனது முத்திரையை அவ்வப்போது மாற்றியிருக்கிறது. அந்த மாற்றங்கள்தான் நமக்கு உதவுகின்றன.

• கேஸ் டெஸ்டட் எக்ஸ் எக்ஸ்: 1920 முதல் 1940 வரை
• கேஸ் எக்ஸ் எக்ஸ்: 1940 முதல் 1964 வரை
• அதன் கீழே யு.எஸ்.ஏ. என்று இருந்து, புள்ளி இல்லாவிட்டால்: 1965 முதல் 1969 வரை
• யு.எஸ்.ஏ.வுடன் புள்ளிகளும் இருந்தால்: 1970 முதல் 1979 வரை
• 'எஸ்' எழுத்து மின்னல் மாதிரி கோணலாக இருந்து, புள்ளிகளும் இருந்தால்: 1980 முதல் 1989 வரை

அது என்ன இரண்டு எக்ஸ்? பிளேடு இரண்டு முறை சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டது என்பதற்கான அடையாளம் அது என்பதுதான் கம்பெனி தரப்பில் சொல்லப்படும் விளக்கம்.

புள்ளிக் கணக்கு

இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். வருடம் ஏற ஏற புள்ளியும் ஏறும் என்று நினைப்போம். ஆனால் கேஸ் கத்தியில் கணக்கு தலைகீழ். 1970-ல் 10 புள்ளிகளுடன் ஆரம்பித்து, ஒவ்வொரு வருடமும் ஒரு புள்ளியைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 1971-ல் 9, 1972-ல் 8 என்று போய், 1979-ல் ஒரே ஒரு புள்ளி. 1980-ல் மின்னல் 'எஸ்' முத்திரையோடு மறுபடியும் 10 புள்ளிகள்.

ஆக, 70-களின் கத்தி என்றால் 1980-லிருந்தும், 80-களின் கத்தி என்றால் 1990-லிருந்தும் புள்ளிகளின் எண்ணிக்கையைக் கழித்தால் போதும். 6 புள்ளிகள் இருந்தால் 1974 அல்லது 1984. இரண்டில் எது என்பதை 'எஸ்' எழுத்து சொல்லிவிடும். 1990-ல் புள்ளியை விட்டுவிட்டு ஆண்டையே நேரடியாகப் பொறித்தார்கள். சில வருடங்களில் மறுபடியும் புள்ளிக்கே திரும்பினார்கள்.

6254 என்றால் என்ன?

இது வரிசை எண் அல்ல, மாடல் எண். முதல் இலக்கம் கைப்பிடி எதனால் ஆனது என்பதைச் சொல்லும். 6 என்றால் எலும்பு அல்லது எலும்பு போலச் செய்தது. 5 என்றால் மான் கொம்பு. 3 என்றால் மஞ்சள் நிறச் செயற்கைப் பொருள். இரண்டாவது இலக்கம் எத்தனை பிளேடு என்பது. மீதி இருப்பது வடிவத்தின் எண். எனவே 6254 என்றால் எலும்புக் கைப்பிடி, 2 பிளேடு, 54-ம் வடிவம். 6347 என்றால் 3 பிளேடு, 47-ம் வடிவம். மிகப் பழைய கத்திகள் பலவற்றில் இந்த எண் இருக்காது. அதை வைத்தே போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

போலியைப் பிடிப்பது எப்படி?

முத்திரையை மட்டும் பார்த்தால் போதாது. முத்திரை சொல்வதும் கத்தியில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். 1950-ல் செய்தது என்கிறார், ஆனால் எக்ஸ் எக்ஸுக்குக் கீழே யு.எஸ்.ஏ. இருக்கிறதா? கணக்கு உதைக்கிறது. எண் 5-ல் ஆரம்பிக்கிறது, ஆனால் கைப்பிடி பிளாஸ்டிக்கா? யாரோ கைப்பிடியை மாற்றியிருக்கிறார்கள். ஒரு பிளேடில் 50-களின் முத்திரை, இன்னொன்றில் 80-களின் முத்திரையா? பிளேடு மாற்றப்பட்டிருக்கிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. முத்திரை மாறிய 1964-65, 1969-70 காலகட்டத்தில், கையிருப்பில் இருந்த பழைய பிளேடுகளையும் சேர்த்தே கத்தி செய்தார்கள். அந்தக் கத்திகளில் இரண்டு முத்திரைகள் இருப்பது இயல்புதான்.

மற்ற கத்திகளில்?

எல்லா எண்ணும் வருடத்தைக் குறிக்காது. பிரான்சின் ஓப்பினெல் கத்தியில் இருக்கும் 8 என்பது அளவு. அந்தக் கத்தியின் பிளேடு நீளம் சுமார் 8.5 செ.மீ. அமெரிக்காவின் பக் கம்பெனி 1986 முதல் வருடத்துக்கு ஒரு சின்னக் குறியீட்டைப் பொறிக்கிறது. ஜெர்மனியின் 'சோலிங்கன்' கம்பெனிப் பெயரல்ல, ஊர்ப் பெயர். அந்த ஊரில் செய்யாத கத்திக்கு அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று 1938-லேயே சட்டம் வந்துவிட்டது.

வாங்கும் முன் கவனிக்க

முத்திரை மங்கலாக இருக்கிறதே என்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் போவது துரு மட்டுமல்ல, புள்ளியும் சேர்ந்து போகும். 6 புள்ளியில் ஒன்று அழிந்தாலே 1974 என்பது 1975 ஆகிவிடும், கத்தியின் மதிப்பும் இறங்கிவிடும். ஒரு சொட்டு எண்ணெய், மென்மையான துணி, பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம், ஒரு பூதக்கண்ணாடி. இவ்வளவு போதும்.

இன்னொன்றும் முக்கியம். பழைய கத்திகளின் மான் கொம்புக் கைப்பிடிகள் பலவும் இந்தியக் கடமானின் கொம்பில் செய்தவை. இன்று இந்தியாவில் கடமான், 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்படும் விலங்கு. அதன் கொம்பை வாங்குவதும் விற்பதும் குற்றம். எனவே மான் கொம்புக் கைப்பிடி என்று யாராவது கத்தியை நீட்டினால், விலை பேசுவதற்கு முன் சட்டத்தை யோசியுங்கள்.