வீட்டிலேயே தலைமுடிக்கு சிவப்பு கலர்: உப்புத் தண்ணி ஊரில் நிறம் நிற்க என்ன செய்யணும்?

ஆசையாகப் போட்ட சிவப்பு ஹேர் கலர் சில வாரங்களிலேயே வெளுத்துப் போகிறதா? எட்டயபுரம், தூத்துக்குடி பக்கம் உப்பான போர் தண்ணியில் குளிப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்கணும்.

கருப்பு முடியில் ஏன் எடுப்பதில்லை?
சாயம் முடியின் கருமையை நீக்காது. பளிச் சிவப்புக்கு முதலில் ப்ளீச் செய்ய வேண்டும். வெறும் மருதாணி செம்பழுப்புதான் தரும். உலோக உப்பு கலந்த ஹென்னா பவுடர் போட்ட முடியில் ப்ளீச் பட்டால், சூடேறி முடியே பொசுங்கலாம்.

அலர்ஜி டெஸ்ட் கட்டாயமா?
ஆமாம். பல ஹேர் டைகளில் உள்ள பிபிடி என்ற ரசாயனம் சிலருக்கு முக வீக்கம், கொப்புளம் வரை கொண்டுபோகும். காதுக்குப் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் பாருங்கள். அரிப்பு, எரிச்சல் வந்தால் அந்த டை வேண்டவே வேண்டாம். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நிறம் ஏன் போகிறது?
பளிச் சிவப்பு சாயங்கள் பெரும்பாலும் முடியின் மேற்பரப்பில்தான் ஒட்டுகின்றன. ஒவ்வொரு அலசலிலும் கொஞ்சம் கரையும். கடினத் தண்ணியில் உள்ள கால்சியம், மக்னீசியம் முடியில் படிந்து பளபளப்பை மங்கச் செய்யும்.

என்ன செய்யலாம்?
* கலர் போட்டு 2, 3 நாள் ஷாம்பு வேண்டாம்.
* பிறகு வாரம் 2 முறை, சல்பேட் இல்லாத ஷாம்பு போதும்.
* வெந்நீர் கூடாது. கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு சொம்பு கேன் தண்ணி.
* வெயிலில் போனால் துப்பட்டா, தொப்பி.