தோலும் முச்சுருளும்: வெப்பம் தாங்கும் அழுத்தமின் பலபடிகளின் முன்கதை

மணிமுத்தாற்றை ஒட்டிய சிற்றூர்களில் அம்மன் கோயில் கொடை நடைபெறும்போது, பறை முழக்குவோர் முதலில் செய்வது சருகும் வைக்கோலும் கூட்டித் தீ மூட்டுவதாகும். அனலில் காட்டக் காட்டத் தோலின் ஈரம் வெளியேறுகிறது. தளர்ந்த முகம் இறுகி ஒலி தெளிகிறது. அளவு மிஞ்சினால் தோல் கெட்டுவிடும். எவ்வளவு வெப்பம் போதும் என்பதை அவர்கள் தட்டிக் கேட்டே அறிகின்றனர். நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன ஒரு பொருள் எந்த வெப்பம் வரை தன் இயல்பை இழக்காதிருக்கும் என்பது இன்றைய பொருளறிவியலின் பெருவினாக்களுள் ஒன்று. அவ்வினாவின் வரலாற்றில் சென்னைக்கும் தோலுக்கும் உள்ள இடத்தை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சில பொருள்களை அழுத்தினால் அவற்றின் பரப்பில் மின்னூட்டம் தோன்றும். இதனை அழுத்தமின் விளைவு என்பர். 1880ஆம் ஆண்டு பிரான்சில் ழாக் கியூரி, பியர் கியூரி என்னும் உடன்பிறந்தார் இருவர் குவார்ட்சு முதலிய படிகங்களில் இதனைக் கண்டறிந்தனர். மின்னழுத்தம் கொடுத்தால் அதே படிகம் வடிவம் மாறும் என்பதும் அடுத்த ஆண்டே உறுதியாயிற்று. முதற்பண்பால் அப்பொருள் உணரியாகிறது, மறுபண்பால் இயக்கியாகிறது. ஆயினும் படிகம் கடினமானது, எளிதில் உடைவது. வளைந்து கொடுக்கும் மென்படலம் ஒன்றில் இப்பண்பு வாய்க்குமா என்னும் வினாவுக்கு விடை உயிருடலிலிருந்து கிடைத்தது.

சப்பானிய இயற்பியலாளர் எய்ச்சி ஃபுக்காதாவும் எலும்பு மருத்துவர் இவாவோ யசுதாவும் 1957இல் எலும்பு அழுத்தமின் பண்புடையது என நிறுவினர். அப்பண்பு எலும்பின் சுண்ணச் சத்தால் வருவதன்று, அதனுள் இழையோடும் கொலாசன் என்னும் புரதத்தால் வருவது என்பது அவர்தம் ஆய்வால் தெளிவாயிற்று. கொலாசன் இயற்கை படைத்த பலபடி. தோலும் தசைநாணும் பெரும்பாலும் அதனால் ஆனவை.

அந்தக் கொலாசனின் கட்டமைப்பைச் சில ஆண்டுகளுக்கு முன்னரே அவிழ்த்திருந்தது சென்னைப் பல்கலைக்கழகம். 1952இல் அங்கு இயற்பியல் துறைத் தலைமையேற்ற கோ. நா. இராமச்சந்திரன், அவ்வாண்டு வருகை தந்த சே. டி. பெர்னால் சுட்டிக்காட்டியதை ஏற்று இவ்வாய்வில் இறங்கினார். மாதிரிக்கு உதவியது சென்னையிலேயே இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். கங்காருவின் வால் தசைநாண் கைக்கு வந்தது. கோபிநாத் கார்த்தாவுடன் இணைந்து 1954இல் அவர் வெளியிட்ட முடிவு, மூன்று சங்கிலிகளால் ஆன முச்சுருள் என்பதாகும். அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன எனக் கிரிக்கும் ரிச்சும் மறுத்தனர். எந்த இரு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று ஆராய்ந்து, ச. இராமகிருட்டிணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் இராமச்சந்திரன் வெளியிட்ட வரைபடம் இன்று உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இனி வெப்பத்துக்கு வருவோம். நனைந்த பச்சைத் தோலைச் சூடாக்கினால் ஏறத்தாழ 60 பாகையைக் கடந்ததும் முச்சுருள் அவிழ்ந்து தோல் சட்டெனச் சுருங்கும். மேலும் கொதித்தால் எஞ்சுவது பசை. பதனிடுதல் என்னும் தொழில் இந்த எல்லையை உயர்த்துகிறது. நம் கரிசலிலும் செம்மண்ணிலும் தானே வளரும் ஆவாரையின் பட்டையும், கடுக்காயும் தமிழகத் தோற்கூடங்களின் பழைய சரக்குகள். அவற்றின் துவர்ப்புச் சத்து சங்கிலிகளுக்கு இடையே புகுந்து பிணைக்க, சுருங்கும் வெப்பம் 80 பாகையளவுக்கு ஏறுகிறது. குரோமிய உப்பால் பதனிட்ட தோலோ கொதிநீரிலும் சுருங்குவதில்லை. சங்கிலிகளின் அசைவைக் கட்டுப்படுத்தினால் வெப்பத்தைத் தாங்கலாம் என்பதே இத்தொழிலின் உட்பொருள்.

செயற்கைப் பலபடியின் கதையும் இவ்வழியே சென்றது. 1969இல் ஹெய்ஜி கவாய், பாலிவினைலிடின் ஃபுளூரைடு என்னும் படலத்தை இழுத்து நீட்டி, வலிய மின்புலத்தில் வைத்து, அதில் சிறந்த அழுத்தமின் பண்பைக் கண்டார். ஆனால் ஏறத்தாழ 80 பாகைக்கு மேல் நெடுநேரம் இருந்தால், ஒரு திசை நோக்கி நின்ற அதன் மூலக்கூற்று இருமுனைகள் ஒழுங்கு குலைந்துவிடும். நம் பகுதியின் தென்கோடியில், மகேந்திரகிரியில், ஏவூர்தி எந்திரங்கள் முழங்குவதை அறிந்தோர்க்கு இக்குறையின் அளவு எளிதில் விளங்கும். அத்தகைய அனலின் அருகே இப்படலம் நில்லாது. குவார்ட்சும் சுட்ட பீங்கானுமே நிற்கும்.

1990களில் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தின் லாங்லி ஆய்வகத்தில் சாய்சலின் சிம்ப்சன், டெரி செயின்ட் கிளேர் முதலானோர் பாலிஇமைடு என்னும் விறைப்பான பலபடியை எடுத்துக்கொண்டனர். அதன் சங்கிலியில் நைட்ரைல் தொகுதியைச் சேர்த்து, அது இளகும் 220 பாகை அளவில் மின்புலத்தைக் கொடுத்து, புலம் நீங்காமலே குளிர்வித்தனர். திரும்பிய இருமுனைகள் அந்நிலையிலேயே உறைந்தன. கிடைத்த பண்பு கவாயின் படலத்தினும் வலிமை குறைந்தது. ஆயினும் 150 பாகையிலும் அது நிலைத்தது. ஆற்றலில் இழந்ததை உறுதியில் பெற்றனர் எனலாம்.

தோற்கூடமும் லாங்லி ஆய்வகமும் ஒன்று என்பது என் கருத்தன்று. முன்னதில் குறுக்கே கட்டுகிறார்கள். பின்னதில் சங்கிலியையே விறைப்பாக்குகிறார்கள். வேதியியல் வேறு, இலக்கு வேறு. ஆயினும் வெப்பத்தில் சங்கிலி நெகிழாதிருக்க வேண்டும் என்னும் சிக்கல் ஒன்றே. அதனைத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டவர்களை நம் சமூகம் ஊருக்கு வெளியே குடியமர்த்தியது. அவர்தம் தொழிலை இழிவென்றது. இலக்கியம் பயின்ற நாமும் பறையின் வகைகளை அடுக்குவோமேயன்றி, தோலைப் பதப்படுத்தியவரின் அறிவை அறிவு என்று எண்ணியதில்லை. இராமச்சந்திரனின் முச்சுருளைப் பாடமாகச் சொல்லும் வகுப்பறையில் ஆவாரம்பட்டைக்கும் ஓரிடம் வேண்டும். பட்டையின் பக்குவத்தையும், ஊறவைக்கும் நாட்கணக்கையும், அத்தொழிலின் சொற்களையும் அறிந்த முதியோர் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது நம் கடமை.