மறதியை அளக்க வந்த வெளிச்சம்

கல்வராயன் மலைக்குள் அரசு நிர்வாகம் முழுசாக நுழைந்ததே 1976இல்தான். அதுவரை மலையாளி பழங்குடியினரின் ஊர்கள் மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தன. அடிவாரத்துக் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019இல். சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரியில். சாலையும் பள்ளியும் ஆஸ்பத்திரியும் இப்படி ஒவ்வொன்றாக வந்து சேர்ந்த இடத்தில், பெரியவர்களின் மறதியை யாரும் வியாதிக் கணக்கில் சேர்த்ததில்லை. “வயசாச்சு, அப்படித்தான்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சமவெளியிலும் இதே கதைதான்.

தமிழகக் கிராமங்களில் அந்தக் கணக்கை முதலில் எடுத்தவர்களில் சென்னை மனநல மருத்துவர்களும் உண்டு. திருப்போரூர் வட்டாரத்தில் 60 வயதைத் தாண்டிய 750 பேரை அவர்கள் பார்த்தார்கள். 3.5 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா எனும் மறதி நோய் இருந்ததாக 1997இல் எழுதினார்கள்.

அடுத்து வந்தது ‘10/66’ ஆய்வுக் குழு. டிமென்ஷியா நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 66 சதவீதம், வளரும் நாடுகளில் வாழ்கிறார்கள். ஆராய்ச்சியிலோ அந்த நாடுகளின் பங்கு பத்து சதவீதம்கூட இல்லை. பெயருக்கான காரணம் அதுதான். சென்னையும் வேலூர்க் கிராமங்களும் அதன் ஆய்வுக் களங்கள். 2008இல் ‘லான்செட்’ இதழில் வெளியான முடிவு பலரைத் திகைக்க வைத்தது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் அளவுகோல்படி இந்தியக் கிராமத்தில் டிமென்ஷியா வெறும் 0.3 சதவீதம், கியூபாவில் 6.3. குழு தானே வகுத்த முறையில் பார்த்தபோது எந்த நாட்டுக் களத்திலும் 5.6 சதவீதத்துக்குக் குறையவில்லை.

அமெரிக்க அளவுகோலுக்கு, மறதியால் அன்றாட வேலை கெட்டுப்போனதற்குச் சாட்சி வேண்டும். இங்கே அடுப்படியை மருமகள் எப்போதோ ஏற்றுக்கொண்டிருப்பாள். கடைக்குப் பேரன் போய்வருவான். பாட்டியிடம் கெட்டுப்போக வேலையே மிச்சமில்லை. கேட்டால், “நல்லாத்தான் இருக்காங்க” என்பார்கள் வீட்டார்.

வீட்டார் வாக்குமூலத்தை நம்பாமல் மூளையையே பார்க்கும் வழிகளில் ஒன்று ஒளி. டார்ச் விளக்கை உள்ளங்கையில் அழுத்தினால் மறுபக்கம் சிவப்பாகத் தெரிகிறதல்லவா? சிவப்புக்குச் சற்று அப்பாலுள்ள, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி எலும்பையும் கடந்து போகும். ஆக்சிஜன் ஏறிய ரத்தம் அதை உறிஞ்சும் விதம் வேறு, ஆக்சிஜனை இறக்கிவிட்ட ரத்தம் உறிஞ்சும் விதம் வேறு. இதைக் கொண்டு மண்டையைத் திறக்காமலே மூளையின் ஆக்சிஜன் நிலையைக் கவனிக்கலாம் என்று 1977இல் காட்டியவர் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரான்ஸ் யோப்சிஸ். கொரோனா காலத்தில் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்தது.

இருபது ஆண்டுகள் கழித்து, 1997இல், டிமென்ஷியா வகைகளில் ஒன்றான அல்சைமர் உள்ள நோயாளிகளைச் சொற்களை அடுக்கிச் சொல்லச் சொல்லி இந்த ஒளியால் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். நலமான முதியவர்களுக்கு மூளையின் பக்கவாட்டு மேற்பகுதியில் ஆக்சிஜன் ஏறிய ரத்தம் கூடியது, நோயாளிகளுக்குக் குறைந்தது. குகை மாதிரி எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் அசையாமல் படுக்க வேண்டியதில்லை. ஒளி முனைகள் பதித்த தொப்பியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து பேசலாம்.

குறைகளும் உண்டு. ஒளி மூளையின் மேல்பரப்பில் ஓரிரு சென்டிமீட்டரோடு நின்றுவிடும். அல்சைமர் ஆரம்பத்திலேயே தாக்கும், நினைவுகளைப் பதியும் ஹிப்போகேம்பஸ் பகுதி அதைவிட ஆழத்தில் இருக்கிறது. அடர்த்தியான கருங்கூந்தல் ஒளியை விழுங்கும். ஒவ்வொரு முனைக்கும் கீழே முடியை வகிர்ந்து ஒதுக்க வேண்டும். தோலின் கருமையும் குறுக்கே நிற்கும். கறுப்பின நோயாளிகளின் ஆக்சிஜன் குறைவை ஆக்சிமீட்டர் கூடுதலாகத் தவறவிடுகிறது என்பது 2020இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் பதிவானது. மூளைக்கான தொப்பியும் இதே சோதனையைத் தாண்டியாக வேண்டும். இப்போதைக்கு அது ஆய்வுக்கூடக் கருவிதான்.

வீட்டு வாசலுக்கு மருத்துவம் போகும் பாதை மட்டும் திறந்திருக்கிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அதன் ஊழியர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். இரண்டுமே பிற்காலத்தில் டிமென்ஷியா வரும் வாய்ப்பைக் கூட்டுபவை.